நமக்கென்று ஒரு வலைப்பக்கம்: செய்வது எப்படி?



இந்தக் கோடை விடுமுறையில் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், பள்ளி மாணவர்களுக்காக இரண்டு வாரப் பயிற்சி நடந்தது. நம்ம பள்ளியிலிருந்து என்னோடு சேர்த்து மூன்று பேர் போனோம். ஆளுக்கு ஒரு வலைப்பக்கம் செய்ய வைத்தார்கள். அதில் பாதி விஷயம் உங்களுக்கே தெரியும். ப்ளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் எச்.டி.எம்.எல். இருக்கிறது. ஆனால் புத்தகத்தைப் பார்த்து நாம் அடிக்கிற பக்கம் நம்ம கணினிக்குள்ளேயே கிடக்கும். அதையே மதுரையில் இருக்கிற மாமாவும், துபாயில் இருக்கிற சித்தப்பாவும் பார்க்கணும் என்றால் எங்கே வைக்கணும், எப்படி வைக்கணும், வைத்த பிறகு அதுக்கு என்ன ஆகும்? அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

“அதான் இன்ஸ்டாகிராம் இருக்கே, இது எதுக்கு?” என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அங்கே கட்டம் போட்டது அவங்க. நாம் அதை நிரப்புகிறோம். படம் இந்த அளவுதான், எழுத்து இந்த இடத்தில்தான், யாருக்கு எப்போ காட்டுவது என்பதும் அவங்க கையில். வலைப்பக்கம் அப்படி இல்லை. இந்தச் சுவர் இதழ் மாதிரி. வெள்ளைத்தாள், ஸ்கெட்ச் பேனா, மிச்சம் நம்ம பாடு.

வீடும் திண்ணையும்

முதல் நாள் ஆளுக்கு ஒரு லாகின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் நம்ம ஃபைல் நமக்கு வந்துவிடும். ஏனென்றால் ஃபைல்கள் நாம் உட்காரும் கணினியில் இல்லை. உள்ளே ஒரு ஏ.சி. அறையில் இருக்கிற சர்வரில், நம்ம பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்கு ‘ஹோம்’ என்று பெயர். வீடு!

இந்த வீட்டுக்கு ஒரு குறி உண்டு. கீபோர்டில் எஸ்கேப் பட்டனுக்குக் கீழே, ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு தட்டினால் ஒரு அலைக்கோடு வரும். ~ இதுதான். ‘டில்டா’ என்பார்கள். இது ஏன் வீட்டுக்குக் குறி ஆனது தெரியுமா? 1970-களில் ஏ.டி.எம்.-3ஏ என்று ஒரு கணினி முனையம் இருந்தது. அதன் கீபோர்டில் ‘ஹோம்’ என்ற சொல்லும் இந்த அலைக்கோடும் ஒரே பட்டனில் அச்சாகி இருந்தன. அதில் வேலை செய்தவர்கள் பழக்கத்தில் ~ என்றால் வீடு என்று வைத்துக்கொண்டார்கள். அந்த முனையங்கள் போய்விட்டன. குறி மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் பல்கலைக்கழகச் சர்வரில் உள்ள தனிநபர் பக்கங்களின் முகவரியில், சாய்கோட்டுக்கு அடுத்து அலைக்கோடு போட்டு லாகின் பெயர் வருவதைப் பார்க்கலாம். ‘இன்னார் வீடு’ என்று அர்த்தம்.

ஆனால் வீட்டையே உலகத்துக்குத் திறந்து வைக்க முடியுமா? அதுக்குத்தான் வீட்டுக்குள் ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கணும். (ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக, நடுவில் அடிக்கோடு.) இதை நான் திண்ணை என்று புரிந்துகொண்டேன். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சமையலறை வரை வர முடியாது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1993-இல் எழுதிய வெப் சர்வர் மென்பொருளிலிருந்து வந்த வழக்கம் இது. 1995-இல் அதிலிருந்து கிளைத்ததுதான் அப்பாச்சி. எங்கள் பயிற்சி ஆய்வகத்தில் இருந்ததும் அப்பாச்சிதான். சும்மா வாங்கிப் போட்டவுடன் இந்தத் திண்ணை வசதி வந்துவிடாது. ஆய்வகப் பொறுப்பாளர் அதைத் திறந்து விட்டிருக்கணும். ஆகவே நீங்கள் கல்லூரிக்குப் போன பிறகு ஃபோல்டர் போட்டும் பக்கம் வரவில்லை என்றால், முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்.

திண்ணைக்குள் முதல் ஃபைலின் பெயர் ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’. வேறு பெயர் வைத்தாலும் பக்கம் வரும், ஆனால் அந்தப் பெயரையும் சேர்த்து முகவரியில் அடிக்கணும். இண்டெக்ஸ் என்று இருந்தால் சர்வர் தானே எடுத்துக் காட்டிவிடும்.

கணக்குப் பாடம்

இரண்டாம் நாள் பாதிப் பேருக்குப் பக்கம் வரவில்லை. திரையில் ‘403’ என்று வந்தது. 404 என்றால் ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’. 403 என்றால் ‘நீ கேட்டதைத் தர எனக்கு அனுமதி இல்லை’. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தால் பாதி நேரம் மிச்சம். 404 வந்தால் எழுத்துப்பிழை தேடணும். 403 வந்தால் பூட்டைப் பார்க்கணும்.

லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று இலக்கப் பூட்டு. முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். படிக்க அனுமதி 4. எழுத அனுமதி 2. இயக்க அனுமதி 1. கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். படிக்க, எழுத என்றால் 6. மூன்றும் என்றால் 7. படிக்க மட்டும் என்றால் 4. ஆக 644 என்றால் ‘நான் படிப்பேன், எழுதுவேன், மற்றவங்க படிக்கலாம், கை வைக்கக் கூடாது’. வலைப்பக்க ஃபைலுக்கு இதுதான் சரி. இதை அமைக்கிற கட்டளையின் பெயர் ‘சிஹெச்மாட்’.

ஃபோல்டருக்கு வந்தால் 1-க்கு அர்த்தம் மாறும். ‘இயக்கு’ இல்லை, ‘உள்ளே நுழைந்து கடந்து போ’. அதனால் திண்ணை ஃபோல்டருக்கு 755. அதோடு விட்டால் போதாது. திண்ணைக்கு வரணும் என்றால் வெளிக்கேட்டைத் தாண்டணுமே! வீட்டு ஃபோல்டருக்கு 711 கொடுக்கணும். 711 என்றால் மற்றவர் கடந்து வரலாம், வீட்டில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் பார்க்க முடியாது. எங்கள் வகுப்பில் 403 வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கேட்தான் பூட்டியிருந்தது. திண்ணையைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு கேட்டைத் திறக்காமல் விட்ட கதை.

ஒரு பையன் பொறுமை இழந்து எல்லாவற்றுக்கும் 777 போட்டான். உடனே பக்கம் வந்தது. அவனுக்கு ஏகக் குஷி. மறுநாள் காலையில் அவன் பக்கத்தில் பெரிய எழுத்தில் “நான் ஒரு கத்தரிக்காய்” என்று இருந்தது! அதே லேபில் இருந்த யாரோ எழுதியிருக்கிறார்கள். யார் என்று இதுவரை தெரியாது. 777-இன் கடைசி 7-இல் 2 இருக்கிறதே, அதுக்கு என்ன அர்த்தம்? யார் வேண்டுமானாலும் எழுதலாம்! சிரித்தோம். ஆனால் கத்தரிக்காய்க்குப் பதில் வேறு ஏதாவது மோசமாக எழுதியிருந்தால், பக்கம் இருப்பது அவன் பெயரில், திட்டு விழுவதும் அவனுக்கு.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்கணும். வெப் சர்வர் மென்பொருளும் கணினியின் பார்வையில் ஒரு ஆள்தான். அது ‘மற்றவர்’ கூட்டத்தில் நிற்கிறது. அது படிக்கட்டும் என்று 644 கொடுக்கும்போது, லேபில் லாகின் உள்ள எல்லாரும் படிக்கலாம் என்றும் ஆகிவிடுகிறது. முகவரியை யாருக்கும் சொல்லவில்லை, அதனால் ரகசியம் என்று நினைப்பது தப்பு. திண்ணையில் வைத்த பொருள் திண்ணையில் வைத்ததுதான்.

பக்கத்தை எழுதுவது

இதை நீட்டப் போவதில்லை, புத்தகத்தில் இருக்கிறது. தலைப்புக்கு ‘எச்1’, பத்திக்கு ‘பி’, இணைப்புக்கு ‘ஏ’, படத்துக்கு ‘ஐஎம்ஜி’. எல்லாம் கோண அடைப்புக்குள், ஆங்கில எழுத்தில். நோட்பேட் மாதிரி ஒரு சாதாரண எடிட்டர் போதும். வேர்டில் அடித்து எச்.டி.எம்.எல். ஆக மாற்றாதீர்கள். பத்து வரிப் பக்கத்துக்கு எத்தனையோ வரி தேவையில்லாத சரக்கை அது சேர்த்துவிடுகிறது.

படத்தின் பாதையில்தான் எல்லாரும் மாட்டினார்கள். வீட்டுக் கணினியில் செய்து கொண்டுவந்த பக்கத்தில், படம் ‘சி டிரைவ்’, அதுக்குள் இன்ன ஃபோல்டர் என்று முழுப் பாதையும் இருக்கும். அவங்க கணினியில் படம் தெரியும். சர்வரில் சி டிரைவ் ஏது? அதனால் படங்களை இண்டெக்ஸ் ஃபைலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, அங்கிருந்து எவ்வளவு தூரமோ அந்தப் பாதையை மட்டும் எழுதணும். இப்படி எழுதினால் மொத்த ஃபோல்டரையும் எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் பக்கம் அப்படியே வேலை செய்யும். இதன் அருமை கடைசி நாளில்தான் புரிந்தது, பிறகு சொல்கிறேன். இன்னொன்று, லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ‘ஜேபிஜி’ என்பது ஒரு இடத்தில் பெரிய எழுத்து, இன்னொரு இடத்தில் சின்ன எழுத்து என்றால் படம் வராது.

தமிழ் தெரியாமல் போனால்

என் பக்கம் எங்க ஊர் கண்மாய்க்கு வரும் பறவைகளைப் பற்றியது. முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, உண்ணிக்கொக்கு என்று எங்க ஊரில் சொல்கிற பெயரோடு, எந்த மாதம் வரும், எங்கே உட்காரும் என்று எழுதினேன். தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் ஒரு வரி சேர்க்கணும். ‘மெட்டா’ என்ற குறிக்குள் ‘சார்செட்’ என்று போட்டு ‘யு.டி.எஃப்-8’ என்று எழுதும் வரி. அதுவும் ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிடணும். ஆகவே தலைப்பகுதியில் முதல் வரியாகவே போட்டுவிடுங்கள்.

ஏன்? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ‘த’ என்ற எழுத்தை யு.டி.எஃப்-8 முறையில் 224, 174, 164 என்று மூன்று எண்ணாகச் சேமிக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நம்ம கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட்! இப்போ உலாவியிடம் ‘இது யு.டி.எஃப்-8’ என்று சொல்லாவிட்டால், சில சமயம் தானே ஊகித்துக்கொள்ளும், சில சமயம் பழைய ஐரோப்பிய முறையில் ஒவ்வொரு எண்ணையும் தனி எழுத்தாகப் படிக்கும். 224-க்குத் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’. 174-க்கு வட்டத்துக்குள் ‘ஆர்’. பக்கம் முழுக்க இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரிதான் இல்லை.

இந்த யு.டி.எஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதிப் பார்த்து உண்டாக்கினார்களாம். பைக்கே எழுதியிருக்கிறார். கேண்டீனில் டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போடும் நண்பர்களை இனிமேல் யாரும் கிண்டல் செய்யாதீர்கள்.

யுனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் ரொம்ப காலம் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் என்றுதான் இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. நாம் இப்போ தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றுக்கொண்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. அவர்கள் டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பிறகு யுனிகோடிலும் ஏற்ற வேண்டியிருந்தது. மாற்றியதால் அவை இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. மாற்றாமல் விட்ட எத்தனையோ பழைய தமிழ்ப் பக்கங்களில், அந்தப் பழைய எழுத்துரு இல்லாமல் ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாது.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

தனிப்பக்கம் என்றவுடன் பலர் முதலில் எழுதுவது பெயர், பிறந்த தேதி, பள்ளி, போன் நம்பர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பயோடேட்டா! பயிற்சி கொடுத்த மேடம் இதைத்தான் முதலில் அழிக்கச் சொன்னார். “இதைப் படிச்சு யாருக்கு என்னம்மா பிரயோஜனம், தப்பா பயன்படுத்துறவனைத் தவிர?” என்று கேட்டார். எனக்கு அது சரியென்றே பட்டது. பிறந்த தேதியும் போன் நம்பரும் சேர்ந்தால் என்னென்ன செய்யலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த காலம் இது. என் பக்கத்தில் என் முதல் பெயர் மட்டும் இருக்கிறது. கண்மாய் இருக்கும் ஊர்ப் பெயரைக்கூடப் போடவில்லை, ஒன்றியத்தின் பெயர்தான்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். லொகேஷன் ஆன் செய்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அந்தப் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் எடுத்த கோலம் படம் என்றால் வீட்டு விலாசத்தையே கொடுத்த மாதிரி. ஆய்வகத்தில் இருந்த ஜிம்ப் மென்பொருளில், படத்தை வேறு பெயரில் ஏற்றுமதி செய்யும்போது ‘எக்சிஃப்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். அங்கேயே அகலத்தை 800 பிக்சலாகக் குறைத்தும் விடலாம். எங்களுக்குக் கொடுத்த இடம் கொஞ்சம்தான், போன் படமெல்லாம் அப்படியே போட்டால் சீக்கிரம் நிறைந்துவிடும்.

திண்ணை நம்முடையதா?

பயிற்சி முடிந்து 30 நாளில் எல்லா லாகினும் நீக்கப்படும் என்று முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் யோசித்தால் அது அவர்கள் சர்வர், அவர்கள் மின்சாரம். நாம் குடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

பெரிய பெரிய பக்கங்களுக்கே இதுதான் கதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபி தயாராக இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்க்க அலுப்புப்பட்டு, 1991-இல் காபிப் பாத்திரத்தை நோக்கி ஒரு கேமராவைத் திருப்பி வைத்தார்கள். 1993-இல் அது இணையத்துக்கு வந்தது. கறுப்பு வெள்ளையில் 128-க்கு 128 புள்ளி கொண்ட குட்டிப் படம். அதைப் பார்க்க உலகம் முழுவதும் ஆட்கள்! ஆய்வகம் புதிய கட்டிடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22-இல் கேமராவை அணைத்துவிட்டார்கள். ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினியில் போட்ட இணைப்புப் பட்டியல்தான் யாகூ. கூட்டம் தாங்காமல் 1995-இல் அவர்களும் அங்கிருந்து காலி செய்தார்கள். அதே யாகூ 1999-இல் வாங்கிய ஜியோசிட்டீஸில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் இலவசப் பக்கம் வைத்திருந்தார்கள். தமிழ்ப் பக்கங்களும் நிறைய இருந்தன. 2009 அக்டோபரில் அதை மூடினார்கள். சில ஆர்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. சொந்தப் பிரதி வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே கடைசி நாள் நாங்கள் செய்தது, திண்ணை ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து பென் டிரைவில் எடுத்துக்கொண்டதுதான். பாதைகளைச் சரியாக எழுதியிருந்தவர்களுக்கு எந்தக் கணினியில் விரித்தாலும் படத்தோடு பக்கம் திறந்தது. சி டிரைவ் பாதை எழுதியிருந்தவர்கள் அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் முகவரியைக் கொடுத்தாலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். நான் கொடுத்தேன். ஆனால் ஒன்று, அங்கே போனதைப் பிறகு நாம் நினைத்த நேரத்தில் அழிக்க முடியாது. கத்தரிக்காய் நண்பனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கிட்ஹப், நியோசிட்டீஸ் மாதிரி இலவச இடங்கள் இப்போது உண்டு. வீட்டில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அங்கேயும் இதே ஃபோல்டரை ஏற்றினால் போதும், புதிதாக எதுவும் எழுத வேண்டாம்.

பென் டிரைவில் கொண்டுவந்த என் பக்கம் இப்போது நம்ம ஹைடெக் லேபில், ஜன்னலோரக் கணினியில், டெஸ்க்டாப்பில் ‘கண்மாய்’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். இண்டெக்ஸ் ஃபைலை இரண்டு முறை தட்டுங்கள். வலசை வரும் வாத்துகளில் இரண்டுக்கு எங்க ஊரில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொன்னால் சேர்த்துவிடுகிறேன். சொந்தப் பக்கம் செய்ய விரும்புகிறவர்கள் வியாழன் மதிய இடைவேளையில் லேபுக்கு வரலாம், கணினி சார் அனுமதி கொடுத்திருக்கிறார். எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

– ப்ளஸ் ஒன் ‘ஆ’ பிரிவு மாணவி